பிசினஸ் எகனாமிக்ஸ் படிக்கலாமா? மாணவர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிளஸ் டூ முடிவுகள் வந்துவிட்டால் எங்கள் துறைக்கு விசாரித்து வருகிறவர்கள் கூடிவிடுவார்கள். இந்தப் பாடத்தை நடத்துகிறவன் என்பதால் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். இந்தப் பெயரைக் கேட்டதும் பலருக்கும் நினைவுக்கு வருவது டெல்லிப் பல்கலைக்கழகத்தின் பி.ஏ. ஹானர்ஸ் பிசினஸ் எகனாமிக்ஸ். அதனால் அதை முன்னால் வைத்துப் பேசுகிறேன். தமிழ்நாட்டிலேயே படிக்க நினைப்பவர்களுக்கான பதில்களும் உள்ளே இருக்கின்றன.

பெயரில் பிசினஸ் இருக்கிறதே, இது பி.பி.ஏ. மாதிரியா?

இல்லை. இது பொருளாதாரப் பட்டம். பி.பி.ஏ.வில் நிர்வாகம், மார்க்கெட்டிங், மனிதவளம் எல்லாம் முதன்மையாக இருக்கும். பொருளாதாரம் ஒன்றிரண்டு தாள்களோடு முடிந்துவிடும். இங்கே அப்படியே தலைகீழ். நுண்ணியல் பொருளாதாரம் (தனி நபர், நிறுவனம் அளவில்), பேரியல் பொருளாதாரம் (நாடு அளவில்), கணிதம், புள்ளியியல், எகனாமெட்ரிக்ஸ் (தரவை வைத்துப் பொருளாதாரக் கேள்விகளைச் சோதிப்பது) ஆகியவைதான் முதுகெலும்பு. கணக்குப்பதிவியல், நிறுவன நிதி, மார்க்கெட்டிங், வணிகச் சட்டம் ஆகியவை கூடவே வரும்.

வழக்கமான பி.ஏ. எகனாமிக்ஸிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்றால், அங்கே நாட்டின் வளர்ச்சி, வறுமை, வேளாண்மை, பொது நிதி ஆகியவற்றுக்கு அதிக இடம் உண்டு. இங்கே ஒரு நிறுவனம் விலையை எப்படி முடிவு செய்கிறது, போட்டியாளர் விலையைக் குறைத்தால் என்ன செய்கிறது, கடன் வாங்கி விரிவாக்கலாமா வேண்டாமா என்பவற்றுக்கு அதிக இடம். கருவிகள் இரண்டுக்கும் ஒன்றே.

சரி, வகுப்பில் உண்மையில் என்னதான் கற்பீர்கள்? ஒரு உதாரணம் சொல்ல முடியுமா?

ஒரு டீக்கடையை எடுத்துக்கொள்வோம். எண்கள் எல்லாம் பாடத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. டீ 12 ரூபாய், ஒரு நாளைக்கு 400 டீ போகிறது. பால் விலை ஏறியதால் கடைக்காரர் டீயை 15 ரூபாய் ஆக்குகிறார். அடுத்த வாரம் நாளுக்கு 340 டீதான் போகிறது. வியாபாரம் படுத்துவிட்டது என்று பக்கத்துக் கடைக்காரர் சொல்கிறார். சரியா?

விலை 25 சதவீதம் ஏறியிருக்கிறது, விற்பனை 15 சதவீதம்தான் குறைந்திருக்கிறது. 15-ஐ 25-ஆல் வகுத்தால் 0.6. இதைத்தான் தேவையின் விலை நெகிழ்ச்சி என்கிறோம். அது ஒன்றுக்குக் கீழே இருப்பதால் விலையை ஏற்றியும் வரவு கூடியிருக்கிறது: முன்பு 4,800 ரூபாய், இப்போது 5,100. ஒரு டீக்குப் பால், தூள், சர்க்கரை, கேஸ் எல்லாம் சேர்த்து இப்போது 7 ரூபாய் ஆகிறது என்றால், பழைய விலையிலேயே விட்டிருந்தால் கையில் நின்றிருப்பது 2,000. ஏற்றியதால் நிற்பது 2,720. கடை படுக்கவில்லை.

இதுவரைக்கும் முதல் செமஸ்டர். மூன்றாம் ஆண்டில் இதே கணக்கை வேறு விதமாகக் கேட்போம். விற்பனை குறைந்தது விலையால்தானா? அந்த வாரம் பள்ளி, கல்லூரி விடுமுறையா? வெயில் ஏறியதால் ஆட்கள் மோருக்கும் சர்பத்துக்கும் போய்விட்டார்களா? எதிரே புதுக்கடை திறந்ததா? இவை எல்லாம் ஒன்றாக நடக்கும்போது விலையின் பங்கை மட்டும் பிரித்தெடுப்பது எப்படி? அந்தப் பிரித்தெடுக்கும் வேலையின் பெயர்தான் எகனாமெட்ரிக்ஸ். 0.6 என்று கணக்குப் போட யாராலும் முடியும். அந்த 0.6-ஐ நம்பலாமா என்று சொல்லத் தெரிந்தவர்தான் இந்தப் பட்டத்தை ஒழுங்காகப் படித்தவர். மூன்று வருடத்தில் என் மாணவர்களுக்கு இந்த ஒன்று மட்டும் வந்துவிட வேண்டும் என்று நான் ஆசைப்படுவேன்.

கணக்கு வராது, ஆனால் எகனாமிக்ஸ் பிடிக்கும். சேரலாமா?

கணக்கு வராது என்பதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. பிளஸ் டூவில் மார்க் குறைவு, ஆனால் உட்கார்ந்து போட்டால் வருகிறது என்றால், தாராளமாகச் சேருங்கள். கணக்கைப் பார்த்தாலே ஒதுங்கிப் போகத் தோன்றுகிறது என்றால், தயவுசெய்து இதை எடுக்காதீர்கள். வரலாறு, பொது நிர்வாகம், சமூகவியல் என்று நல்ல படிப்புகள் நிறைய இருக்கின்றன.

எவ்வளவு கணக்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். வகையீடு தினமும் வரும். ஒரு சட்டை கூடுதலாகத் தைத்தால் செலவு எவ்வளவு கூடும் என்பதே செலவுச் சார்பின் வகையீடுதான். பகுதி வகையீடு, அணிகள், கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு உச்ச மதிப்பைக் காணும் லக்ராஞ்சி முறை, அப்புறம் நிகழ்தகவு, பரவல்கள், கருதுகோள் சோதனை, தொடர்புப்போக்குப் பகுப்பாய்வு (ரிக்ரஷன்). பொறியியல் முதலாண்டு கணக்கு அளவுக்கு நுட்பம் இல்லை. ஆனால் ஒவ்வொரு விடைக்கும் ஒரு பொருள் சொல்ல வேண்டும். லக்ராஞ்சி பெருக்கி 4 என்று வந்தால், பட்ஜெட்டில் ஒரு ரூபாய் கூடினால் பயன் சுமார் 4 அலகு கூடும் என்று வாக்கியமாக எழுதத் தெரிய வேண்டும். மாணவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் அந்த வாக்கியத்தில்தான், கணக்கில் அல்ல.

நான் காமர்ஸ் குரூப். பிளஸ் டூவில் கணிதம் படிக்கவில்லை. வழி உண்டா?

டெல்லிப் பல்கலைக்கழகத்தில் இந்தப் படிப்புக்கு நுழைவுத் தேர்வில் கணிதம் அல்லது பயன்பாட்டுக் கணிதத் தாள் எழுத வேண்டும். நம் பாடத்திட்டத்தில் வணிகக் கணிதமும் புள்ளியியலும் படித்தவர்கள், அதை இணையான பாடமாக ஏற்கிறார்களா என்று அந்த ஆண்டின் சேர்க்கைத் தகவல் கையேட்டில் பார்த்துவிட்டு விண்ணப்பம் போடுங்கள். வாய்மொழியாக யாரோ சொன்னதை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

தமிழ்நாட்டில் நிலைமை இளக்கமானது. பெரும்பாலான கலை அறிவியல் கல்லூரிகளில் பி.ஏ. எகனாமிக்ஸ் சேர எந்தக் குரூப்பாக இருந்தாலும் போதும். ஆனால் கதவு திறந்திருக்கிறது என்பதற்காகக் கணக்கை விட்டுவிடாதீர்கள். முதலாண்டிலேயே 11, 12-ஆம் வகுப்புக் கணிதப் புத்தகத்தில் சார்புகள், வகையீடு, அணிகள், நிகழ்தகவு ஆகிய பாடங்களை மட்டும் முடித்துவிட வேண்டும். இதை ஒத்திப்போட்டவர்கள் எம்.ஏ. நுழைவுத் தேர்வில் மாட்டிக்கொள்கிறார்கள்.

டெல்லிப் பல்கலைக்கழகத்தில் எப்படிச் சேர்வது?

2021 வரை இந்தப் படிப்புக்கும் இதை ஒட்டிய சில மேலாண்மைப் படிப்புகளுக்கும் சேர்த்து டெல்லிப் பல்கலைக்கழகமே நுழைவுத் தேர்வு நடத்தியது. 2022 முதல் சியூஇடி எனப்படும் பொது நுழைவுத் தேர்வு வழியாகத்தான் சேர்க்கை. ஒரு மொழித்தாள், கணிதம், பொதுத் திறனறித் தேர்வு ஆகிய மூன்று தாள்கள் இதற்குக் கேட்கப்பட்டு வருகின்றன. 2025 முறைப்படி ஒவ்வொரு தாளிலும் 50 கேள்வி, 60 நிமிடம்; சரியான விடைக்கு 5 மதிப்பெண், தவறுக்கு 1 குறையும். கணிதத் தாளில் முதல் 15 கேள்வி எல்லோருக்கும் பொது. மீதி 35-ஐ கணிதப் பிரிவிலோ பயன்பாட்டுக் கணிதப் பிரிவிலோ எழுதலாம். தமிழ் உட்பட 13 மொழிகளில் தேர்வு எழுத முடியும் என்பது நம் பிள்ளைகள் பலருக்கும் தெரிவதில்லை.

தேர்வு முடிந்ததும் வேலை முடிந்துவிடாது. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் பொது இட ஒதுக்கீட்டுத் தளத்தில் தனியாகப் பதிவு செய்து, கல்லூரியையும் படிப்பையும் விருப்ப வரிசையில் அடுக்க வேண்டும். சியூஇடி எழுதி, நல்ல மார்க்கும் வாங்கி, இந்தப் பதிவைச் செய்யாமல் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ரொம்ப வருத்தமாக இருக்கும்.

அங்கே எந்தக் கல்லூரிகளில் இருக்கிறது?

ஸ்ரீ குரு கோபிந்த் சிங் வணிகவியல் கல்லூரி, சிவாஜி கல்லூரி, மகாராஜா அக்ரசேன் கல்லூரி, பெண்களுக்கான கார்கி கல்லூரி ஆகியவை அவற்றில் சில. எல்லாக் கல்லூரிக்கும் பாடத்திட்டமும் பல்கலைக்கழகத் தேர்வும் ஒன்றே.

தமிழ்நாட்டில் இதற்கு நெருக்கமாக என்ன இருக்கிறது?

பெயரைத் தேடாதீர்கள், பாடத்திட்டத்தைத் தேடுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் கார்ப்பரேட் எகனாமிக்ஸ் என்ற பெயரில் ஒரு பி.ஏ. உண்டு. லயோலா, சென்னைக் கிறித்தவக் கல்லூரி, ஸ்டெல்லா மாரிஸ் போன்ற தன்னாட்சிக் கல்லூரிகளின் எகனாமிக்ஸ் துறைகளில் பாடத்திட்டத்தை அவர்களே வகுக்கிறார்கள். அரசுக் கல்லூரிகளில் பி.ஏ. எகனாமிக்ஸ் மிகக் குறைந்த கட்டணத்தில், பல இடங்களில் தமிழ் வழியிலும் கிடைக்கிறது. விண்ணப்பம் அரசின் பொது இணையதளத்தில்.

எந்தக் கல்லூரியாக இருந்தாலும் பாடத்திட்டத்தை இறக்கி மூன்று விஷயம் பாருங்கள். புள்ளியியலுக்கு எத்தனை தாள்? எகனாமெட்ரிக்ஸ் கட்டாயமா, விருப்பப் பாடமா? கம்ப்யூட்டர் லேபில் தரவை வைத்துச் செய்முறை நடக்கிறதா? மூன்றுக்கும் நல்ல பதில் இருந்தால், பட்டத்தின் பெயர் எப்படி இருந்தாலும் கவலைப்பட வேண்டாம். பெயரில் பிசினஸ் இருந்தும் இந்த மூன்றும் இல்லாத இடத்தைவிட, வெறும் எகனாமிக்ஸ் என்ற பெயரில் இவை மூன்றும் உள்ள இடம் எவ்வளவோ மேல்.

மூன்று வருடமா, நான்கு வருடமா?

டெல்லியில் 2022 முதல் நான்காண்டு அமைப்பு. மூன்றாண்டு முடித்துப் பட்டத்தோடு வெளியேறலாம், நான்காம் ஆண்டு இருந்தால் ஆய்வுக்கும் இடம் உண்டு. தமிழ்நாட்டு மாநிலப் பல்கலைக்கழகங்களில் மூன்றாண்டுதான். வெளிநாட்டில் மேற்படிப்பு, ஆராய்ச்சி என்று நினைப்பவர்களுக்கு நான்காம் ஆண்டு பயன்படும். வேலைக்குப் போக வேண்டிய குடும்பச் சூழல் என்றால் மூன்றோடு வெளியேறுவதில் எந்தக் குறையும் இல்லை.

தமிழ் வழியில் படித்தவன். ஆங்கிலத்தில் சமாளிப்பேனா?

சமாளிப்பீர்கள். முதல் செமஸ்டர் கஷ்டமாக இருக்கும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் உங்களிடம் நீங்கள் நினைப்பதைவிட அதிகம் இருக்கிறது. நம் 12-ஆம் வகுப்புப் பொருளியல் புத்தகத்தின் கடைசிப் பாடத்தை எடுத்துப் பாருங்கள்: புள்ளியியலுக்கும் பொருளாதார அளவையியலுக்கும் (எகனாமெட்ரிக்ஸ்தான் இது) அறிமுகம். ஒட்டுறவும் (கோரிலேஷன்) தொடர்புப்போக்கும் அதில் தமிழில் இருக்கின்றன. பரீட்சைக்கு அதை மேலோட்டமாகப் படித்துவிட்டு விட்டிருப்பீர்கள். இப்போது நிதானமாகப் படியுங்கள். தமிழ்வழிப் புத்தகத்தையும் ஆங்கிலவழிப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். இரண்டும் அரசு தளத்தில் இலவசம்.

வரைபடமும் சமன்பாடும் எந்த மொழிக்கும் பொது என்பது இந்தப் படிப்பின் பெரிய வசதி. வகுப்பில் ஆங்கிலம் பேசத் தயங்குகிற பிள்ளை கரும்பலகையில் வரைந்து காட்டினால் எந்த ஆசிரியரும் மதிப்பார்.

ஒரே மகள், டெல்லி தூரம். அனுப்பலாமா?

இதைக் கேட்கும் அப்பா அம்மாக்களுக்கு நான் செலவிலிருந்துதான் தொடங்குவேன். டெல்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிக் கட்டணம் பெரும்பாலும் பெரிய சுமை அல்ல, தங்குமிடம்தான் சுமை. விடுதி எல்லாக் கல்லூரியிலும் இல்லை, இருக்கும் இடத்திலும் எல்லோருக்கும் கிடைக்காது. வெளியே பேயிங் கெஸ்ட் இடங்களில் தங்க வேண்டிவரும். அந்தச் செலவை மூன்று வருடத்துக்குக் கூட்டிப் பாருங்கள். அதோடு குளிர்காலக் காற்று மாசும் உண்டு. ஆஸ்துமா இருக்கும் பிள்ளை என்றால் மருத்துவரைக் கேட்காமல் முடிவெடுக்க வேண்டாம்.

மறுபக்கம், நாடு முழுவதிலிருந்தும் வரும் பிள்ளைகளோடு படிப்பதும், ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் நடுவில் இருப்பதும் அவளை வளர்க்கும். கடன் வாங்கித்தான் அனுப்ப வேண்டும் என்றால், இளநிலையை இங்கே முடித்து எம்.ஏ.வுக்கு வெளியே அனுப்புவதையே நான் சொல்வேன். அரசுப் பள்ளியில் படித்துத் தமிழ்நாட்டில் சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும். ஆனால் கடைசி முடிவை அவளையும் உட்கார வைத்துப் பேசி எடுங்கள்.

கூடவே சி.ஏ. படிக்கலாமா?

நேரம் இருந்தால் முடியும். சி.ஏ. ஃபவுண்டேஷனில் நான்காம் தாளே பிசினஸ் எகனாமிக்ஸ்தான், 100 மதிப்பெண். ஆனால் சி.ஏ.தான் குறி என்றால் பி.காம். இன்னும் பொருத்தம். இந்தப் படிப்போடு நன்றாக இணைவது ஆக்சுவரி தேர்வுகள், அதாவது காப்பீடு போன்றவற்றில் இடர்களைக் கணக்கிடும் நிபுணர்களுக்கான தேர்வுகள்: அங்கும் பிசினஸ் எகனாமிக்ஸ் ஒரு தாள், மற்றவை நிகழ்தகவும் புள்ளியியலும் நிதியும்.

பட்டம் முடித்ததும் என்ன வேலை?

பொருளாதார நிபுணர் என்ற பதவி இளநிலையோடு பெரும்பாலும் கிடைக்காது. அதற்கு எம்.ஏ. வேண்டும். இளநிலை முடித்தவர்கள் போவது தரவுப் பகுப்பாய்வு, வங்கிக் கடன் மதிப்பீடு, சந்தை ஆய்வு, ஆலோசனை நிறுவனங்களின் ஆராய்ச்சிப் பிரிவு ஆகியவற்றில் தொடக்கநிலை வேலைகளுக்கு. சென்னை, பெங்களூருவில் பன்னாட்டு நிறுவனங்கள் நடத்தும் மையங்களில் இத்தகைய இடங்கள் உண்டு. நேர்காணலில் பட்டத்தின் பெயரைவிட, நீங்களே செய்த ஒரு ஆய்வைத்தான் கிளறிக் கிளறிக் கேட்பார்கள்.

அந்த ஆய்வுக்குத் தலைப்பு எங்கே தேடுவது?

உங்கள் ஊரிலேயே. திருப்பூர்ப் பிள்ளைகளுக்கு நான் சொல்வதை இங்கே சொல்கிறேன். பின்னலாடை ஏற்றுமதியாளர் ஆர்டர் எடுக்கும்போதே டாலரில் விலை பேசிவிடுகிறார். நூல் வாங்குவது அப்புறம். இடையில் நூல் விலை ஏறினால் அந்த ஏற்றம் அவர் தலையில். 2022 ஏப்ரலில் பஞ்சு மீதான 11 சதவீத இறக்குமதி வரியை மத்திய அரசு தற்காலிகமாக நீக்கியது. அதனால் நூல் விலை இறங்கியதா, எத்தனை மாதம் கழித்து, எவ்வளவு? இது ஒரு முழு ஆய்வு.

இன்னொன்று: 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் மீது அமெரிக்காவின் கூடுதல் வரி 50 சதவீதம் ஆனது. அதே சமயம் வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் 20 சதவீதம். அப்படியானால் வரியை யார் சுமந்தார்கள்? அமெரிக்க வாடிக்கையாளரா, கடைக்காரரா, திருப்பூர் முதலாளியா, பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் தொழிலாளியா? வாங்குபவருக்கு மாற்று வழி எவ்வளவு எளிதாகக் கிடைக்கிறதோ, அவ்வளவுக்குச் சுமை விற்பவர் பக்கம் சாயும் என்பது கோட்பாடு. அது நிஜத்தில் அப்படியே நடந்ததா என்று நான்கைந்து யூனிட்டுகளில் ஆர்டர் புத்தகத்தைப் பார்த்து எழுதும் ஆய்வு, இணையத்திலிருந்து எடுத்து ஒட்டிய நூறு பக்கத்தைவிட மதிப்புள்ளது.

சிவகாசி, ஈரோடு, நாமக்கல், தூத்துக்குடி என்று எந்த ஊருக்கும் இப்படி ஒரு கேள்வி இருக்கிறது.

அரசு வேலைக்கு உதவுமா?

எந்தப் பட்டமும் போதும் என்கிற டி.என்.பி.எஸ்.சி., வங்கித் தேர்வுகளுக்கு இதுவும் போதும். இதற்கென்றே உள்ள பெரிய வாய்ப்பு இந்தியப் பொருளாதாரப் பணி, அதாவது ஐ.இ.எஸ். யூ.பி.எஸ்.சி. நடத்துகிறது. எகனாமிக்ஸ், அப்ளைடு எகனாமிக்ஸ், பிசினஸ் எகனாமிக்ஸ், எகனாமெட்ரிக்ஸ் இவற்றில் ஒன்றில் முதுநிலைப் பட்டம் வேண்டும். வயது 21-லிருந்து 30, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. ரிசர்வ் வங்கியில் பொருளாதார ஆராய்ச்சித் துறைக்கான கிரேடு பி அதிகாரி தேர்வும் முதுநிலைக்குப் பிறகுதான். தமிழ்நாட்டிலிருந்து இந்த இரண்டுக்கும் இன்னும் நிறையப் பேர் முயல வேண்டும் என்பது என் ஆதங்கம். சிவில் சர்வீஸ் ஒன்றையே பிடித்துக்கொண்டு, நன்றாகப் பொருளாதாரம் படித்த பிள்ளைகள் இதைக் கவனிக்காமலே வயதைத் தாண்டிவிடுகிறார்கள்.

எம்.ஏ. எங்கே படிக்கலாம்?

டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், ஜே.என்.யு., மும்பையின் இந்திரா காந்தி வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம், புனேயின் கோகலே நிறுவனம், இந்தியப் புள்ளியியல் நிறுவனம், திருவனந்தபுரத்தின் சி.டி.எஸ். (வளர்ச்சி ஆய்வு மையம்), சென்னையில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ். இவற்றில் கணக்கு மிகக் கடினமாக இருப்பது புள்ளியியல் நிறுவனத் தேர்வு. டெல்லிப் பல்கலைக்கழகத் தெற்கு வளாகத்தில் பிசினஸ் எகனாமிக்ஸிலேயே எம்.ஏ. உண்டு.

என்ன சாஃப்ட்வேர் தெரிய வேண்டும்?

முதலாண்டில் எக்செல், இரண்டாம் ஆண்டில் ஆர் அல்லது பைதான். இவை இரண்டும், எகனாமெட்ரிக்ஸுக்கான கிரெட்டில் என்ற மென்பொருளும் இலவசம். காசு கட்டிச் சான்றிதழ் வாங்குவதற்கு முன்னால், ரிசர்வ் வங்கி தளத்தில் கிடைக்கும் ஏதாவது ஒரு தரவை இறக்கி வரைபடம் போட்டுப் பாருங்கள்.

செய்தித்தாள் தவிர வேறு என்ன படிக்கலாம்?

மத்திய அரசின் பொருளாதார ஆய்வறிக்கை, ரிசர்வ் வங்கியின் பணக்கொள்கை அறிக்கை. பணவீக்க இலக்கு 4 சதவீதம், இரண்டு பக்கமும் 2 சதவீத இடைவெளி என்பதைத் தெரிந்துகொண்டு அந்த அறிக்கையைப் படித்தால், ஆறு பேர் கொண்ட பணக்கொள்கைக் குழு வட்டியை ஏன் மாற்றியது அல்லது மாற்றவில்லை என்று புரியத் தொடங்கும். தமிழ்நாடு அரசும் 2025 மார்ச்சில் தனது முதல் பொருளாதார ஆய்வறிக்கையை வெளியிட்டது. நம் மாவட்டங்களைப் பற்றி எழுத நினைப்பவர்கள் அதிலிருந்து தொடங்கலாம்.

அஞ்சல் வழியில் படித்தால் மதிப்பு இருக்குமா?

இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) பி.ஏ. ஹானர்ஸ் எகனாமிக்ஸ் இருக்கிறது, செல்லுபடியாகும் பட்டம். வேலை பார்த்துக்கொண்டே படிக்க நல்ல வழி. செய்முறைக் கணக்குகளை யாராவது திருத்தித் தர ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

விண்ணப்பத்துக்கு முன்னால் எந்தச் சான்றிதழைத் தயார் செய்ய வேண்டும்?

நம் ஊர்ப் பிள்ளைகள் கவனமாக இருக்க வேண்டிய இடம் இது. மத்திய அரசு நுழைவுத் தேர்வு வழியாகச் சேரும்போது பி.சி., எம்.பி.சி. என்று போட்ட மாநிலச் சாதிச் சான்றிதழ் மட்டும் போதாது. உங்கள் சாதி மத்திய ஓபிசி பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், வசதி படைத்தோர் (கிரீமி லேயர்) பிரிவில் வரவில்லை என்று காட்டும் ஓபிசி சான்றிதழை மத்திய அரசு படிவத்தில், நடப்பு நிதியாண்டுத் தேதியில் வாங்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மூன்று மேசை தாண்டி வர நாளாகும். ஏப்ரல் பிறந்ததும் போட்டுவிடுங்கள். சான்றிதழில் உள்ள பெயரும் இனிஷியலும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று வாங்கும் இடத்திலேயே சரிபாருங்கள்.